தெற்கில் போட்ட நிழல்

2011இல் எங்கள் கிளேட்டன் அலுவலகத்தில் வரைவாளர் வேலைக்கு மூன்று பேர் பரீட்சைக்கு வந்தார்கள். ஒரு பேருந்து நிறுத்தத்தை வரைய வேண்டும். திருத்துவது என் பொறுப்பு.

அவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர், ஐம்பது வயதிருக்கும். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. வளைகுடா நகரங்களில் கோபுரங்களும் சாலைகளும் வரைந்து, அங்கே வேலை நின்றுபோனதும் இங்கே வந்தவர். எதை வரையும் முன்பும் பென்சிலால் நிழல் விழும் இடத்தைக் குறித்துக்கொள்வார்.

இருக்கைகளுக்குத் தெற்கே வெயில் மறைப்பு வரைந்திருந்தார்.

“அங்கிள், இது பூமியோட தெற்குப் பாதி. இங்க வெயில் வடக்குலேர்ந்து வரும்.”

தாளையே பார்த்தார். “ஓம் பிள்ளை. பதினாறு வருசம் தெற்கு வெயிலுக்குப் படம் கீறின கை.”

“அங்க நீங்க போட்ட மறைப்பையெல்லாம் கட்டினாங்களா?”

“எங்க? கண்ணாடிக் கோபுரம் எழும்பும். நடக்கிற சனத்துக்குப் போட்ட நிழலைத்தான் முதல்ல வெட்டுவாங்கள். நான் அடுத்த படத்திலயும் போடுவன்.” சிரித்துவிட்டு, “எனக்கு இந்த வேலை வேணும், பிள்ளை” என்றார்.

என் பட்டியலில் அளவு, மட்டம், சரிவுப்பாதை, திசை என நான்கு இருந்தன. திசைக்கு நேரே ‘பிழை’ என்று எழுதினேன். அவரை எடுக்கவில்லை.

மற்ற இருவரும் வெயில் மறைப்பே வரையவில்லை. அதனால் அவர்களுக்குத் திசையில் பிழையும் இல்லை.