பெயரில்லாத கற்கள்

கப்பலை விட்டு இறங்கி, பிரான்சில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவினேன். பணக்காரர்கள் குளிக்க வரும் ஊர். முன்பு மீனவர் குப்பம். அந்தக் காலத்திலிருந்தே கரையொதுங்கும் பிணங்களைப் பெயர் தெரியாவிட்டாலும் புதைத்துக் கல் நடுகிறார்கள்.

பர்மாவுக்கு, என் ஊரான யாங்கோனுக்குத் திரும்பியதும், போட்டாதாங் பேட்டையில் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் முத்து, பர்மிய வழக்கில் எங்களுக்கு 'கோ முத்து', அதாவது முத்து அண்ணன், கடலில் காணாமல் போய் ஏழு வருடம். உடல் இல்லாததால், மறுநாள் வைக்கோல் பொம்மையை எரித்துக் கருமாதி செய்யவிருந்தார்கள்.

"ஊரெல்லாம் சுத்துறியே தம்பி, அவரு எங்கயாச்சும் கண்ணுல பட்டாரா?"

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், "பாத்தேன்க்கா, பிரான்சுல நல்லா இருக்காரு" என்றேன்.

கருமாதி நின்றது. அக்கா இன்னும் படகுத்துறைக்குப் போய் வருகிறார். உண்மையைச் சொல்ல இருமுறை போனேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பிரெஞ்சு ஊரார் பெயர் தெரியாதவர்களுக்கும் கல் நட்டார்கள். பெயர் தெரிந்தவருக்கு ஒரு பொம்மையைக்கூட நான் எரிய விடவில்லை.