சிவகாசிக்கு வந்த லாஞ்சு எஞ்சின்

டுக், டுக், டுக் என்று ஒரே சீராக, இடையில் ஒரு விக்கல்கூட இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் முதலாளி அண்ணாச்சியும் நின்றுகொண்டிருந்தோம். எஞ்சின் டிரைவர் தொழிலில் கண்ணை நம்புகிறவன் பாதி டிரைவர், காதை நம்புகிறவன்தான் முழு டிரைவர் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அந்தக் கொள்கைக்கு ஆன செலவைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பம்ப் செட்டோ, மாவு மில்லோ, சுவர்க் கடிகாரமோ, ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் நின்றுபோயிருக்கும். "ஒண்ணுமில்ல, சின்ன வேலைதான்" என்று ஒருவர் திருப்புளியோடு வந்திருப்பார். அவர் போன பிறகு அவர் தந்த சீட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் அப்படியே உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி உட்கார்ந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

டிரைவர் என்றதும் பஸ், லாரி என்று நினைத்துவிட வேண்டாம். நின்ற இடத்திலேயே ஓடுகிற எஞ்சின்களுக்கு நான் டிரைவர். சாத்தூரில் அரிசி மில், விருதுநகரில் எண்ணெய் மில் என்று எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் அந்த எஞ்சினின் சத்தம் திடீரென்று சலித்துப்போகும், பாயைச் சுருட்டிவிடுவேன். தொழிலும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழற்றத் தெரிந்தது முதலில். மாட்டத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து. நாற்பது தாண்டி, சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற ஆபீசில் ராத்திரி டிரைவராக வந்து சேர்ந்தபோது, இனிமேல் பாயைச் சுருட்டத் தெம்பில்லை என்று தோன்றியது.

ஆபீசில் பகலெல்லாம் மெஷின் கரண்டில் ஓடும். பொழுது சாய்ந்தால் கரண்டை வெட்டிவிடுவார்கள். தீபாவளி சீசனில் ராத்திரியும் ஓட்டினால்தான் ஆர்டர் முடியும். அதற்கு ஓர் எஞ்சின் வேண்டுமென்று, என்னை வேலைக்கு எடுத்த கையோடு அண்ணாச்சி தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் அந்தச் சுவர்.

காதால் வாங்கியது

சுவரைச் சுற்றிப் போனால் தண்ணீரில் ஒரு லாஞ்சு. கப்பலுக்கும் கரைக்கும் மூட்டை சுமந்து உழைத்த லாஞ்சு. கட்டை உளுத்துவிட்டதால் எஞ்சினை மட்டும் விற்கிறார்கள். "என்ன டிரைவர், எப்படி?" என்றார் அண்ணாச்சி. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் அண்ணாச்சி" என்றேன். அப்படியேதான் வாங்கினோம்.

லாரியில் ஏற்றும்போது, லாஞ்சின் வாலில் தண்ணீரைத் தள்ளுகிற பித்தளை விசிறி தனியாகக் கிடந்தது. அண்ணாச்சி அதையும் ஏற்றச் சொன்னார். "சிவகாசியில இது எதுக்கு உங்களுக்கு?" என்று விற்றவர் கேட்டார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "எஞ்சினோட சேர்த்துத்தானய்யா விலை பேசுனேன். என்னைக்காவது கடல் வந்தா மாட்டிக்கிடுறேன், நீங்க ஏத்துங்க."

வாய் கொப்பளித்தது

எஞ்சின் சூடேறிவிடாமல் இருக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லாஞ்சு எஞ்சினுக்கு அதில் சிரமமில்லை. ஒரு குழாயால் கடலை உறிஞ்சும், இன்னொரு குழாயால் கடலிலேயே துப்பும். எங்கள் ஆபீசில் கடலுக்குப் பதில் ஓர் இரும்புப் பீப்பாய் வைத்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பீப்பாய் காலி. தண்ணீர் முழுக்கத் தெருவில். சிவகாசித் தெருவில் தண்ணீர் ஓடினால் கூட்டம் கூடாமல் இருக்குமா? நாலு பேர் குடத்தோடு வந்து, துப்புகிற குழாயடியில் வரிசை போட்டுவிட்டார்கள். எண்ணெய் வாடை அடிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டேதான் பிடித்தார்கள்.

பீப்பாய்க்குத் தண்ணீர் சுமந்தவள் மாடத்தி. இரண்டு தெரு தள்ளி இருந்த உப்புக் கிணற்றிலிருந்து, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் கொண்டுவருவாள். நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறினாள். "அண்ணே, இது குடிக்குதுன்னா நான் ஊத்துறேன், வேண்டாங்கலை. இது வாய் கொப்பளிச்சுல்ல துப்புது. வாய் கொப்பளிக்க நான் ரெண்டு குடத்துல எம்புட்டுத்தான் சுமப்பேன், ஒரு கம்மாய்த் தண்ணியையா தூக்கிட்டு வரச் சொல்லுதீக?"

பின்னால் போனது

தூத்துக்குடியிலிருந்து ராயப்பன் மிஸ்திரி வந்தார். அந்த லாஞ்சில் இந்த எஞ்சினைப் பத்து வருஷம் பார்த்தவர். துப்புகிற குழாயைப் பீப்பாய்க்கே திருப்பிவிட்டார். அதன் பிறகு சூட்டில் ஆவியாகிப் போவதற்கு மட்டும் தினம் எட்டுக் குடம் போதும் என்றாயிற்று. அது முதல் பில். போகும்போது எஞ்சின் பக்கத்தில் நின்ற ஒரு கைப்பிடியைக் காட்டினார். முன்னால் தள்ளினால் லாஞ்சு முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும், நடுவில் விட்டால் சும்மா உறுமும் என்றார். "லாஞ்சுதான் இங்க இல்லையே" என்றேன். "கைப்பிடி இருக்குல்லா" என்றார்.

ஒரு சாயங்காலம் எஞ்சினைக் கிளப்பி உறுமவிட்டு, பீப்பாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அண்ணாச்சிக்குக் கை சும்மா இருக்காது. எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று கைப்பிடியைப் பிடித்து, தம் பக்கமாக இழுத்துவிட்டார். எஞ்சினையும் அச்சு மெஷினையும் இணைத்த பெல்ட் பின்பக்கம் சுற்றியது, அதோடு அச்சு மெஷினும் பின்பக்கம் சுற்றியது. உள்ளே போன காகிதம் கசங்கிக்கொண்டு வெளியே வந்தது. கடகடவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மெஷினில் இரண்டு பல்சக்கரங்கள் பல்லில்லாமல் நின்றன.

பல்சக்கரம் மாற்றிய பில்லை அண்ணாச்சி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார். இன்னொரு பில் வந்தால் எஞ்சினை விற்றுவிடுவேன், ராத்திரி வேலையையே நிறுத்திவிடுவேன் என்றார். மெஷின்மேன் சுப்பையாவைப் பகல் வேலைக்கு மாற்றிக்கொள்வார்கள். கரண்டுக்கு டிரைவர் தேவையில்லை. வாங்கச் சொன்னவனும் நான், போக வேண்டியவனும் நான். கைப்பிடியை இழுத்தவர் யார் என்று அங்கே யாரும் பேசவில்லை. சுப்பையா மட்டும் கசங்கிய காகிதத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, பின்னால ஓட்டுனா அடிச்ச லேபிளையெல்லாம் திரும்ப வெள்ளைப் பேப்பராக்கிக் குடுக்கும்னு பார்த்தேன். அம்புட்டுக்கு இது இன்னும் பழகலை."

காதில் பொட்டு

லேபிள் படத்தில் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். மஞ்சளுக்கு மேல் சிவப்பு, அதற்கு மேல் நீலம் என்று இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் முகம் முகமாக இருக்கும். எங்கள் எஞ்சினோ ஓடும்போது ஆடியது. எஞ்சின் ஆட, அதன் அடியில் கட்டிய கல் மேடை ஆட, தரை ஆட, பத்தடி தள்ளி நின்ற அச்சு மெஷினும் ஆடியது. அண்ணாச்சி மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பித்தளை விசிறியைத்தான் வைத்திருந்தார். அதுவும் கிணுகிணுவென்று சேர்ந்து ஆடியது. மேடைக்கு இன்னும் சிமெண்டு போட்டேன். எஞ்சின் இன்னும் கோபமாக ஆடி, மேடையில் விரிசல் விட்டது. பில் வந்துவிடுமோ என்ற பயத்தில் விரிசல்மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். பத்து நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குக் கம்பி மத்தாப்பு லேபிள் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. பாவாடை கட்டிய பெண்பிள்ளை ஒன்று மத்தாப்பைச் சுற்றுகிற படம். ஒரு காலையில் அந்தக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினார். கோபக்காரர் இல்லை, அதுதான் பயம். லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பிள்ளை லட்சணமாத்தான் இருக்கு அண்ணாச்சி. பொட்டை மட்டும் நெத்தியில வச்சு அனுப்புங்க. காதுல பொட்டு வச்ச பிள்ளையை நம்பி யாரு மத்தாப்பு வாங்குவாக?"

கேட்ட கூலி

ராயப்பன் மிஸ்திரி மறுபடி வந்தார். எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டு, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று சுப்பையா குனிந்துகூடப் பார்த்தான். அரைமணி கழித்து எழுந்து, சாக்கை விலக்கி விரிசலைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "படகுல இது மரத்து மேலயில்லா உக்காந்திருந்துச்சு. அதுக்குக் கீழ தண்ணி. இப்படிக் கல்லுமேல குத்தவச்சா அதுக்கு மேலு வலிக்காதா?" என்றார்.

வைரம் பாய்ந்த பனங்கட்டை இரண்டை அடியில் கொடுத்து, எஞ்சினை அதன்மேல் இறக்கி, போல்ட்டு போட்டு முடுக்கினோம். கிளப்பினேன். டுக், டுக், டுக் என்று தூத்துக்குடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம். அன்று நான் கேட்டதில் பாதி எஞ்சின். மீதி மரமும் தண்ணீரும் என்று அப்போதுதான் விளங்கியது. முழு டிரைவர் என்று திரிந்தவனுக்கு அது அவ்வளவு நல்ல சேதி இல்லை.

சுப்பையா அன்று அடித்த லேபிளில் பொட்டு நெற்றிக்கு வந்துவிட்டது. மறுநாள் பில்லும் வந்துவிட்டது. பனங்கட்டை, போல்ட்டு, போக்குவரத்து எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: எஞ்சின் சத்தம் கேட்ட வகையில். அண்ணாச்சி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தூத்துக்குடியில நீரு சும்மா கேட்டதுக்கே எனக்கு இம்புட்டு ஆச்சு. இவரு கேட்டதுக்குக் கூலி வேறயா, டிரைவர்?"

வாங்க வந்தவர்

சொன்ன சொல் தவறாதவர் அண்ணாச்சி. எஞ்சின் விற்பனைக்கு என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். ஒரு மத்தியானம் வேம்பாரிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாகப் படகு கட்டுகிறவர், கையிருப்பெல்லாம் கட்டைக்கே போய்விட்டது, புது எஞ்சினுக்கு வழியில்லை என்று அவரே சொன்னார். தூக்கக் கலக்கத்தோடு நான் போய் எஞ்சினைக் கிளப்பினேன். மனிதர் உள்ளே வரவில்லை. வெளியிலேயே, சுவருக்கு அந்தப் பக்கம், தலையைச் சாய்த்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

பிறகு உள்ளே வந்து, அண்ணாச்சியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "டிரைவரே, தினம் கூட இருக்கிறவரு நீங்கதான். மனசறிஞ்சு சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?" அண்ணாச்சி மேஜையில் இருந்த விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் சொன்னேன். பின்னால் போகிற கியர் போக்குக் காட்டுவது, தண்ணீர் பம்ப் ஒழுகுவது, அடுத்த மழைக்குள் மாற்ற வேண்டிய சாமான், அதற்கு அலைய வேண்டிய ஊர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேனா, மறுபடி பாயைச் சுருட்ட மனமில்லாமல் சொன்னேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை. சொன்னதில் பொய் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெருமூச்சு விட்டார். கடைசியில் அண்ணாச்சி துடைத்துக்கொண்டிருந்த பித்தளை விசிறியைக் காட்டி, அதை மட்டும் விலை பேசி, துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தப் பணம் ராயப்பன் மிஸ்திரி கேட்ட கூலிக்குச் சரியாய்ப் போயிற்று. அண்ணாச்சி வெறும் மேஜையைக் கொஞ்சநேரம் பார்த்தார். காகிதம் ஒன்று பறந்தது, அதை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாயை அன்னைக்குத் தூத்துக்குடியில எங்கன வச்சிருந்தீரு, டிரைவர்? சரி, பொழுது சாயப் போகுது, நாரணாபுரம் லேபிள் நிக்குது, போய்த் தண்ணியை ஊத்தும்."

கடல் ஒன்றைத் தவிர அந்த எஞ்சின் கேட்ட எல்லாவற்றையும் அண்ணாச்சி வாங்கிக் கொடுத்துவிட்டார் என்பதால், கடலுக்கு ஈடாக, மாடத்தி வாசலில் இறக்கி வைத்திருந்த எட்டுக் குடத்தில் முதல் குடத்தைத் தூக்கி நான் பீப்பாயில் ஊற்றத் தொடங்கினேன்.