நஸீரா கேட்ட வெள்ளம்

கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நஸீராவின் வீடு. கல்யாணமான நாள் முதல் அவள் புருஷன் துபாயில்தான். லீவுக்கு வருவார், போவார், அவ்வளவுதான் குடித்தனம். அந்த மனிதர் அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். இவள் முகம்கூடப் பார்க்கவில்லை. புருஷனை இழந்தவளுக்கான இத்தா மட்டும் இங்கே இருக்கவேண்டும், நாலு மாதம் பத்து நாள், வாசற்படி தாண்டாமல். மார்க்கம் சொன்னது, இருந்தாள். அதில் அவளுக்குக் குறையில்லை.

அவளைக் கொன்றது வேறு. பரமக்குடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் மர்ஜானாவுக்கு ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளை பிறந்தது. "உம்மா, நீ வரமாட்டியா?" என்று போனில் அழுதாள். நஸீரா கொழுந்தன் ஜாபர் சாதிக்கிடம் கேட்டாள்.

"இத்தா முடியட்டும் மச்சி. ஊரு என்ன சொல்லும்?"

ஊராம் ஊரு! ஊருதான் பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போடுமாக்கும்.

ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவில் நின்ற தண்ணீர் படியேறியது. எதிர்வீட்டு மாஷிதா மழையை நிறுத்தச் சொல்லி அல்லாஹ்விடம் மன்றாடினாள். நஸீராவும் கையேந்தினாள். இன்னும் ஏறட்டும் என்று கேட்டாள். பாவிமகள், அப்படியேதான் கேட்டாள். வீடு முங்கி உயிருக்கு ஆபத்தென்றால் வெளியேறத் தடையில்லை என்று அவளுக்குத் தெரியும். பேரனுக்குத் தைத்த சட்டை, மகளுக்குப் பிரசவ மருந்து உருண்டை, எல்லாம் பையில் கட்டி வைத்துவிட்டாள்.

கட்டில் முங்கியபோது, இடுப்பளவு தண்ணீரில் ஜாபர் வந்து சேர்ந்தான். "பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டுட்டேன் மச்சி, வெளிய வரலாமாம். வாங்க."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தண்ணி இல்லையில தம்பி? என்னையப் பரமக்குடி பஸ்ஸுல ஏத்தி விட்டுரு."

"பரமக்குடியா? இங்கன எங்க மாடி சும்மா கெடக்கயில அம்புட்டுத் தூரம் எதுக்கு?"

மாடியறையில் ஜன்னலைச் சாத்தி உட்காரவைத்தார்கள். போர்வை வந்தது, சூடான கஞ்சி வந்தது. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. போனில் பேரன் வீறிட்டு அழுதான். தூக்க முடிந்தால்தானே?

மறுநாள் சுள்ளென்று வெயில். ஜாபர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். "அல்ஹம்துலில்லாஹ், தண்ணி வடிஞ்சிருச்சு மச்சி. வீட்டக் கழுவி விட்டாச்சு. போகலாம்."

"தண்ணி இன்னும் ரெண்டு நாளு நின்னாத்தான் என்னவாம்?"

"என்ன பேச்சுப் பேசுறீக? ஊரே முங்கிக் கெடந்துச்சு!"

"முங்கட்டும்" என்றாள் நஸீரா. "பேரப்புள்ளையத் தூக்க விடாத ஊரு."

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போய், ஈரம் காயாத வீட்டுக்குள் நுழைந்து, தானே தாழ் போட்டுக்கொண்டாள்.