திக்கியோ வீடு வீடாகக் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வியாழக்கிழமை நகராட்சி மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். புந்தா முனைக்குப் போகிற வழியில் அண்ணன் படகிலேயே சாய்ந்துவிட்டாராம். கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அண்ணனின் ஞானஸ்நானப் பெயர் யுதிக்கியோ. எல்லோருக்கும் திக்கியோதான். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர், ஐம்பத்தெட்டு வயது. லாவிகன் கிராமத் தண்ணீர்க் குழுவின் தலைவர். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் கடற்கரையில் ஆழ்துளைக் கிணறு போடக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸும் ரொட்டியும் கிடைக்கும். தாளை வரிசையில் நீட்டியவர் அண்ணன். பிறகு அதே தாள் ‘மக்களின் ஒப்புதல்’ என்று தீர்மானத்தோடு சேர்ந்தது. சேர்த்துக் குண்டூசி குத்தியவள் நான். மூன்றாம் கோடையில் கிணறு உப்பாகிவிட்டது. இன்றுவரை பெண்கள் படகில் கேன் ஏற்றித் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

இப்போது மறுபடி அதேபோல் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இன்னொரு கிணறா, மலை ஊற்றிலிருந்து குழாயா? குழாய்தான் வேண்டுமென்றால் அதைப் பராமரிக்க வீட்டுக்கு ஒருவர் மாதம் ஒரு நாள் வேலை செய்ய வேண்டும் என்றது மன்றம். நூற்று நாற்பத்திரண்டு வீடுகளில் தொண்ணூற்றைந்து வீடுகள் வியாழனுக்குள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கிணறுதான்.

மாதம் ஒரு நாள் குழாய் வேலைக்கு வரச் சம்மதமா என்ற கேள்வியை அண்ணன் ஒவ்வொரு தாளின் தலையிலும் தன் கையாலேயே எழுதினார். அந்தத் தாளை இனி வேறு எதனோடும் சேர்க்க முடியாது. வாசலில் நின்று வாசித்துக் காட்டுவார். வீட்டில் மனைவி மட்டும் இருந்தால் கணவனும் இருக்கும் நேரத்தில் திரும்ப வருவார். சில வீடுகளுக்கு நான்கு முறை நடந்தார். முடியாது என்றவர்களோடு வாதாடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். மீன் காயவைத்துக்கொண்டிருந்த எப்பிங் அக்கா கையைத் துடைக்காமலே அண்ணனிடம் கேட்டாள். எங்கள் ஊரில் மனோய் என்றால் அண்ணன், மனாய் என்றால் அக்கா.

“கையெழுத்துன்னா நூடுல்ஸ் எங்க, மனோய்?”

“இந்தத் தடவ ஒண்ணும் கெடையாது, மனாய். வெறுங்கையோட வந்திருக்கேன்.”

“அப்ப நெஜமாத்தான் கேக்குற போலிருக்கு,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

எண்பத்தெட்டு வீடுகள் சம்மதித்தன. நாற்பத்து மூன்று வீடுகள் மறுத்தன. புந்தாவின் பதினொரு வீடுகள் மட்டும் மிச்சம். கடல் வழியாகத்தான் போக முடியும் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தார்.

மறைந்தவருக்கு மரியாதையாக மன்றம் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தது. சவப்பெட்டி வீட்டில் இருந்த மூன்றாம் நாள் புந்தாக்காரர்கள் இரண்டு படகில் வந்தார்கள். ஜெபம் முடிந்து காப்பி கொடுத்தபோது போனிங் என்ற பெரியவர் ‘இந்தாய்’, அதாவது ‘பெண்ணே’, என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தத் தாளக் கொண்டா, இந்தாய். எல்லாரும் இங்கதான இருக்கோம். திக்கியோவுக்காகப் போட்டுடறோம்.”

தாள்கள் அலமாரியில் இருந்தன. ஏழு கையெழுத்து போதும். மாதம் ஒரு நாள் மலையேறி மண் வெட்டணும், அது தெரியுமா என்று கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் என்றார். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கையில் பிஸ்கட் இருந்தது.

“அவருக்காகப் போடாதீங்க, மனோய்,” என்றேன். “நான் அங்க வந்து கேக்கறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. இழவு வீட்டில் இப்படியா பேசுவது என்று என் அண்ணி பிறகு கேட்டாள்.

அடக்கம் சனிக்கிழமை முடிந்தது. திங்களும் செவ்வாயும் காற்று அதிகம் என்று படகு விடவில்லை. இன்று புதன். கூட்டம் நாளைக் காலை ஒன்பது மணிக்கு. புந்தாவின் பதினொரு வீடுகளில் இன்னும் யாரும் போய்க் கேட்கவில்லை.