வலது கைக்கு ஆறு பட்டன்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் ஒரு சுடிதார் டாப்புக்குள் மாட்டிக்கொண்டேன்.

தலை நுழைந்துவிட்டது. இடது கையும் நுழைந்துவிட்டது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்று, மேலேயும் போகாமல், கீழேயும் வராமல்... தோளில் உயிர் போகிற வலி. கொச்சங்காடியில் என் மாடி வீட்டில் நான் ஒருத்திதான். பிடித்து இழுத்துவிட ஆள் கிடையாது. கீழ் வீட்டில் ஜமீலா இருக்கிறாள், தையல்காரி. நாலு வருடமாகப் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். பாதி உடுத்திய கோலத்தில் போய் அவள் கதவைத் தட்டுவதா?

கத்திரிக்கோலை எடுத்தேன். கழுத்திலிருந்து கீழ் வரை ஒரே வெட்டு. புது டாப்!

என் வேலை பழைய வாசகர்களுக்குத் தெரியும். மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கிறேன், அதாவது இதயத்துக்கு ஸ்கேன். பதினாறு வருடமாக. நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பார். நான் முதுகுப்பக்கம் உட்கார்ந்து, வலது கையை அவர் மேலாகப் போட்டு, நெஞ்சில் கருவியை அழுத்திப் பிடிப்பேன். பார்க்கிறவர்களுக்கு அணைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இருபது பேர். வீட்டுக்கு வந்தால் ஒருவர் இல்லை — வேடிக்கைதான், இல்லையா?

"நோயாளியை உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லுங்கள், கையை நீட்டினால் தோள் போய்விடும்" என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். நான் சொன்னதே இல்லை. அறையோ இருட்டு. படுத்திருப்பவர் யாரோ ஓர் ஆண். "இன்னும் கிட்ட வாங்க" என்று எந்த வாயால் சொல்வது? அவர்களும் கூச்சத்தில் தள்ளித்தள்ளிப் படுப்பார்கள். நான் எட்டியெட்டிப் பிடிப்பேன்.

ஆறு மாதமாகவே வலி. டாக்டரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கவுண்டரில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். அந்த இருட்டு அறையும் போய்விட்டால், நான் தொட்டுப் பேச மனிதர் என்று யார் மிச்சம்? அந்தப் பயம்தான்.

அன்றைக்கு மூன்றாவதாக வந்தவர் குடோனில் மூட்டை தூக்குகிறவர். வழக்கம்போலத் தள்ளிப் படுத்தார். வழக்கம்போல எட்டினேன். கை நடுங்கியது. திரையில் அவர் இதயமும் சேர்ந்து ஆடியது.

"கை வேதனிக்குன்னுண்டோ மோளே?" கை வலிக்கிறதா மகளே என்று கேட்டார், திரும்பாமலே.

"கொறச்சு..." கொஞ்சம் என்றேன்.

"ஞான் நீங்ஙிக் கிடக்காம். பறஞ்ஞா போரே?"

நகர்ந்து படுக்கிறேன், சொன்னால் போதாதா என்கிறார். ஒரே நகர்வு. என் முழங்கை என் விலாவோடு வந்து ஒட்டியது. நடுக்கம் நின்றுவிட்டது.

பதினாறு வருடம்... ஒரு வார்த்தை கேட்கக் கூசி, ஒரு தோளையே தொலைத்திருக்கிறேன். அசடு! எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அவர் சுவர் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

மத்தியானமே டாக்டரிடம் சொன்னேன். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். நன்றாகத் திட்டிவிட்டு, "ரெண்டு மாசம் கவுண்டர்" என்றார். அதற்கப்புறம்? "நோக்காம்" என்றார். பார்க்கலாமாம்.

சாயங்காலம் வெட்டுப்பட்ட டாப்போடு ஜமீலாவின் கதவைத் தட்டி, நடந்ததைச் சொன்னேன். டாப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு விளிச்சூடாயிருந்தோ சேச்சி? ஞான் தாழெத்தன்னெ உண்டல்லோ."

ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா, கீழேதானே இருக்கிறேன் என்று கேட்டாள்.

அடுத்த மூன்று நாளும் காலையில் மாடியேறி வந்து, கையைப் பதமாக நுழைத்துவிட்டாள். கூடவே சாயாவும் வந்தது. நாலு வருடத்துப் பேச்சை மூன்று காலையில் பேசினோம். ஏழு மணிக்கு அவள் காலடி கேட்காதா என்று ஆறரைக்கே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாலாம் நாள் டாப் ரெடி. வெட்டின இடத்தில் பட்டி வைத்து, வரிசையாக ஆறு பட்டன். சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். கையைத் தூக்கவே வேண்டாம்.

"இனி சேச்சிக்கு ஆருடெயும் சகாயம் வேண்டா" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

ஆமாம், யாருடைய உதவியும் வேண்டாம். நானும் சிரித்துத் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் காலை, இரண்டாவது பட்டனை நானே பிய்த்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.