இன்னும் ஒருத்தி வரணும்

"அடுப்பு அணைச்சாச்சு, சரி! ஜன்னல் சாத்தியாச்சு, சரி! சாவி பையில, சரி!"

வெள்ளைக் கையுறை போட்ட ஆள்காட்டி விரலை ஒவ்வொன்றுக்கும் நேராக நீட்டி, இப்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குரோசே சனாயே காலையில் வாசற்படி தாண்டுகிறாள். எதிர்வீட்டுக்காரர் அலாரம் வைப்பதை விட்டு வெகுநாளாகிறது. பஸ் ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கிளப்பும் முன் வலது, இடது, கதவு என்று விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் விரலை மடக்கிக்கொள்கிறார்கள். சனாயேவின் விரலுக்கு மடங்கத் தெரியாது.

மீன் கடையில் நின்று, "கண்ணு தெளிவா இருக்கு, சரி!" என்பாள். அவள் சரி சொல்லாத மீனை அடுத்து வருகிறவர்கள் தொடுவதில்லை. அதனால் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர் நேற்றைய மீனை ஐஸுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். கல்யாணத்தன்று கோயிலில் சடங்குக்கான சாக்கே மதுவைக் குடித்து முடித்த கையோடு, பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த இசாமுவை நோக்கி விரலை நீட்டி, "மாப்பிள்ளை, சரி!" என்றாளாம். "அன்னைக்குச் சரின்னு சொன்னதோட சரி, அப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல" என்று அவன் இன்றைக்கும் குறைப்படுவான்.

அவள் ஓட்டும் தடத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் படிப்படியாக ஏறும் ஆரஞ்சுத் தோட்டங்கள். நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு சாலை. ஏறுகிறவர்களில் முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்குப் போகும் மூதாட்டிகள். சனாயேவின் வண்டி என்றால், தொட்டாலே உடையும் தோஃபுவை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள். மற்றவர் வண்டி என்றால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இறங்கும்போது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சை வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் ஒரு தோட்டமே இருக்கிறது என்று சொன்னாலும் கேட்பதில்லை. "உன் புருஷன் காய்ல புளிப்பு ஜாஸ்தி. இதைத் தின்னு பாரு."

கம்பெனி சின்னது. பதினோரு பஸ், ஒரே பெண் டிரைவர். முதலாளி ஹமானோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் அவர் மேஜைக்கு எதிரே தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் வந்து நிற்க வேண்டும். குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியில் ஊத வேண்டும். உடம்பு எப்படி, எந்தத் தடம், எப்போது திரும்புவது என்று சொல்லிவிட்டு, "போயிட்டு வர்றேன்" என்று முடிக்க வேண்டும். உடனே ஹமானோ, "போயிட்டு வா, பத்திரம்!" என்பார். முப்பது வருஷமாக இந்தப் பதில் தவறியதில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தாலும் சொல்வார், வாயில் மீன் வடை இருந்தாலும் சொல்வார். ஒருமுறை பல் பிடுங்கிய வாயோடும் சொன்னார்.

சொல்வதோடு விடவும் மாட்டார். சுவரில் வண்டியில் போகும் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப் பெயர்ப்பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெளியே போகும்போது சிவப்பைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் வெள்ளைக்கு மாற்ற வேண்டும். ஒரே ஒரு பலகை சிவப்பாக இருந்தாலும் ஹமானோ வீட்டுக்குக் கிளம்பமாட்டார். புயலில் மலைச்சாலை சரிந்து ஒரு வண்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டபோது, மறுநாள் அது வந்து சேரும்வரை நாற்காலியை விட்டு அசையவில்லை. "போயிட்டு வான்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவன் வராம நான் எப்படிய்யா போறது?"

பெண்கள் வயிற்றுப்பிள்ளையோடு வேலையை விட்டுப் போகும்போது மட்டும் அங்கே வேறு முறை இருந்தது. பூச்செண்டு கொடுப்பார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றித் துணியில் சுற்றி, ஞாபகமாக வைத்துக்கொள் என்று கையில் கொடுப்பார்கள். போகிறவள் "இத்தனை நாள் என்னைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி" என்று குனிந்து வணங்குவாள். அதற்குப் போயிட்டு வா என்ற பதில் கிடையாது. கணக்கு எழுதும் தொகிக்கோ அக்கா அப்படிப் போனவர்தான். ஒரு காலத்தில் சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், மகன் வளர்ந்தபிறகு மணிக்கூலிக்குத் திரும்பி வந்தார். "என் பேர்ப்பலகையா? வீட்டுல டீ கெட்டிலுக்கு அடியில கிடக்கு. நல்ல மரம், சூடு தாங்குது" என்பார்.

சனாயே பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஹமானோ அவளை வண்டியிலிருந்து இறக்கி டிக்கெட் ஜன்னலில் உட்காரவைத்தார். குளிருக்குத் தன் சொந்தக் கம்பளியைக் கொண்டுவந்து முழங்காலுக்குப் போர்த்தக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் விடுப்பு என்ற பேச்சை எடுத்தபோதுதான் முகம் மாறியது.

"பிள்ளையைப் பெத்து, ஒரு வருஷம் கூட இருந்து பார்த்துக்கிட்டு, மறுபடி வண்டிக்கு வந்துடறேன் முதலாளி. அதுவரைக்கும் விடுப்புப் பணம்..."

"அதெல்லாம் நம்ம கம்பெனியில கிடையாதும்மா. பெரிய கம்பெனிக்காரன் குடுப்பான். ஓட்டாத பஸ்ஸுக்கு நான் எங்கேருந்து சம்பளம் போடறது?"

இசாமுவின் தோட்டம் குளிர்காலத்தில் மட்டும்தான் காசைக் கண்ணில் காட்டும். மற்ற மாதங்களில் உரம், மருந்து என்று அதுதான் காசைத் தின்னும். அந்த மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது சனாயேவின் சம்பளத்தில். இது ஒரு கவலை. இன்னொரு கவலையை அவள் இசாமுவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை வாங்கிய லைசென்ஸ் அது. இந்த ஸ்டியரிங்கை விட்டால் அந்தக் கடற்கரையில் வேறு யாரும் ஒரு பெண்ணை நம்பிப் பெரிய வண்டியைக் கொடுக்கப்போவதில்லை.

சந்தேகம் வந்தால் விரல் நீட்டிப் பார்க்காமல் விடுகிறவளா அவள்? சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே வேலை இன்ஷூரன்ஸ், அது எதற்கு என்று கேட்க நேராக அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"பிள்ளை வளர்க்கற விடுப்புக்குப் பணம், எனக்கு உண்டா இல்லையா?"

"உண்டுங்க" என்றாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். "பேறுகாலத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் குடுக்கும், சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு. அதுக்கப்புறம் பிள்ளை வளர்க்கறதுக்கு வேலை இன்ஷூரன்ஸ் குடுக்கும். மொதல் ஆறு மாசம் கிட்டத்தட்ட அதே அளவு, பிறகு பாதி. கம்பெனி கைக்காசு போட வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு, வேலையை விட்டுட்டீங்கன்னா வளர்ப்புப் பணம் வராது."

"வேலையை விடலை, சரி!"

விரல் நீண்ட வேகத்தில் பக்கத்து வரிசையில் இருந்தவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார்.

திரும்பி வந்து ஹமானோவிடம் சொன்னாள். "பார்க்கலாம்மா" என்றார். அடுத்த வாரம் இன்னொரு தடவை, "நான் வேலையை விடப்போறதில்ல முதலாளி" என்றாள். அவர் மனம் உருகிப்போய்த் தலையாட்டினார். அவள் போனதும் தொகிக்கோவிடம், "கேட்ட உடனே விட்டுடறேன்னு சொன்னா நன்றி கெட்டதனமா இருக்குமேன்னு மரியாதைக்குச் சொல்றா. நல்ல பொண்ணு" என்றார். "எனக்கு மரியாதையா தெரியலையே முதலாளி" என்றார் தொகிக்கோ. அதையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டு பூக்கடைக்குப் போன் போட்டார்.

சட்டம் சனாயே பக்கம்தான் இருந்தது. புகார் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் ஜெயித்துவிட்டுத் தினம் காலையில் அதே மஞ்சள் கோட்டில் வந்து நிற்க வேண்டும், முகம் கொடுத்துப் பேசாத மனிதருக்கு முன்னால். அவளுக்கு வேலையும் வேண்டும், அந்த ஆளின் "பத்திரம்"கூட வேண்டும். ஆசைக்கு அளவில்லைதான்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு மதியம், வண்டிகள் வந்து நின்ற நேரத்தில் எல்லாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஹமானோ ஒரு கையில் பூச்செண்டும் மறுகையில் துணி சுற்றிய பெயர்ப்பலகையுமாக நின்றார். வயதில் மூத்த டிரைவர் தானிமோத்தோ யாரும் அழச் சொல்வதற்கு முன்னாலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்திருந்தார்.

சனாயே பூச்செண்டை வாங்கி, "கொஞ்சம் பிடிங்கக்கா" என்று தொகிக்கோவிடம் கொடுத்தாள். துணியைப் பிரித்துப் பெயர்ப்பலகையை எடுத்து அதன் பழைய ஆணியிலேயே மாட்டினாள், சிவப்புப் பக்கம் தெரியும்படி. பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு மஞ்சள் கோட்டில் போய் நின்றாள். வயிறு மட்டும் கோட்டைத் தாண்டி நின்றது. கருவியை எடுத்து ஊதினாள்.

"மது இல்லை, சரி!"

"உள்ள இருக்கறதும் குடிக்கலையாமே!" என்றார் தானிமோத்தோ, அழுகைக்கு நடுவில்.

சனாயே சிரிக்கவில்லை. "குரோசே சனாயே. உடம்பு, சரி. தடம், பேறுகால விடுப்பு வழியா பிள்ளை வளர்ப்பு விடுப்பு. திரும்பறது அடுத்த வருஷம் ஏப்ரல், காலைல முதல் வண்டிக்கு. போயிட்டு வர்றேன்!"

"போயிட்டு வா, பத்திரம்!" என்றார் ஹமானோ.

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பூச்செண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலில் கைதட்டியவர் தொகிக்கோ.

"முதலாளி, சொல்லிட்டீங்க!" என்று கத்தினார் தானிமோத்தோ.

"வாய் தவறி வந்துடுச்சுய்யா..."

"அந்த வார்த்தை உங்களுக்கு வாய் தவறி வருமா முதலாளி?"

ஹமானோ சுவரைப் பார்த்தார். வெள்ளை வரிசைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. தோற்றவர் மாதிரியும் இல்லாமல் ஜெயித்தவர் மாதிரியும் இல்லாமல் ஒரு சிரிப்புச் சிரித்தார். "தொகிக்கோ, அந்த விடுப்புக் காகிதமெல்லாம் எடுங்க. நான் வார்த்தை குடுத்துட்டேன்."

ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. மயக்கமும் வலியும் கலந்த நிலையிலும் சனாயே கையுறை இல்லாத விரலை நீட்டி, "கை ரெண்டு, சரி. கால் ரெண்டு, சரி. குரல்... ரொம்பச் சரி" என்றாளாம். யுஸு என்று ஓர் எலுமிச்சை வகையின் பேரை வைத்தார்கள்.

அரசாங்கப் பணம் ஆடி அசைந்துதான் வந்தது. தாமதம் ஆக ஆக, தொகிக்கோ அக்கா தன் வீட்டுக்கு வர வேண்டிய பணம் மாதிரி நாளுக்கு நாலு தடவை போன் போட்டு, "வந்துச்சா?" என்று கேட்டார். கோடையில் ஒரு நாள் வந்தேவிட்டது. பேங்க் மெஷினுக்கு முன்னால் நின்ற இசாமு, வாழ்நாளில் முதல்முறையாக விரலை நீட்டி, "பணம், சரி!" என்றான். சனாயே அங்கேயே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயித்த குழுவின் கேப்டன் மாதிரி துள்ளினாள்.

செய்தி கேட்ட ஹமானோ தொகிக்கோவின் மேஜைக்கு வந்தார். "என் பாக்கெட்டுலேருந்து எவ்வளவு போச்சு?"

"ஒரு யென்கூட இல்ல முதலாளி. அவளுக்காகக் கம்பெனி கட்டற இன்ஷூரன்ஸ் பங்குகூட இந்த மாசங்கள்ல கட்ட வேண்டாம்."

"அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்குப் பூச்செண்டு வாங்கினேன்?"

"அதைத்தான் நானும் கெட்டில் இறக்கி வைக்கறப்பல்லாம் கேட்டுக்கறேன்."

ஹமானோ மறுநாள் தொகிக்கோவிடம், "அந்தப் பலகையைக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். கெட்டிலின் வட்டம் கறுப்பாகப் பதிந்த அந்தப் பலகை இப்போதும் வரிசையின் கடைசியில் தொங்குகிறது. மணிக்கூலியும் அந்த மாதத்தோடு ஒழிந்து, அவருக்கு மாதச் சம்பளம் வந்தது.

சனாயேவின் தடத்துக்கு ஆள் போதாத நாட்களில் ஹமானோவே பழைய லைசென்ஸைத் தூசி தட்டிக்கொண்டு வண்டி எடுத்தார். மஞ்சள் கோட்டில் அவர் நிற்க, தொகிக்கோ "போயிட்டு வாங்க, பத்திரம்!" என்று அவரை அனுப்பிவைத்தார். முதல் வளைவிலேயே ஒரு மூதாட்டியின் தோஃபு கீழே விழுந்து சிதறியது. "சனாயே எப்ப வருவா?" என்று அந்த அம்மாள் வண்டியே கேட்கும்படி கேட்டார்.

அந்தச் சிவப்புப் பலகைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சனாயே போன அன்று மாலை எல்லா வண்டியும் வந்தபிறகும் கிளம்ப முடியாமல் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். "அடுத்த ஏப்ரல் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்பீங்களா?" என்று தொகிக்கோ அதட்டியபிறகுதான் எழுந்தார். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தவர், பெயர்ப்பலகைகளுக்கு மேலிருந்த பல்பை மட்டும் விட்டுவிட்டார்.

"முதலாளி, லைட்டு?"

"இருக்கட்டும். இன்னும் ஒருத்தி வரணும்."

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் நெஞ்சு எரிகிற மனிதர் இவர். அந்த பல்பு ஒரு வருஷத்துக்கு மேலாகப் பகலிலும் எரிந்தது. இடையில் ஒருமுறை ஃபியூஸ் போனபோது அவரே நாற்காலியில் ஏறிப் புது பல்பு மாட்டினார்.

ஏப்ரல் வந்தது. யுஸுவைக் காப்பகத்தில் விடும் வேலையை இசாமு ஏற்றுக்கொண்டான். வாசலில் நின்று சனாயே அடுப்பு, ஜன்னல், சாவி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுக் கடைசியில் மகளைப் பார்த்து விரலை நீட்டினாள். சரி என்று சொல்வதற்குள் யுஸு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதையே சரி என்று எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வண்டி நேரத்துக்கு வேலையே இல்லாத டிரைவர்களும் அன்று அலுவலகத்தில் இருந்தார்கள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் குடித்து முடித்த கோப்பையை மறுபடி குடித்துக்கொண்டும் நின்றார்கள். சனாயே சீருடையில் உள்ளே வந்து நேராக மஞ்சள் கோட்டில் நின்றாள்.

"குரோசே சனாயே. திரும்பி வந்துட்டேன்!"

ஹமானோ மேஜைமேல் ஒழுங்காக இருந்த பேனாவை எடுத்து இன்னும் ஒழுங்காக வைத்தார். தானிமோத்தோ மூக்கை உறிஞ்சினார்.

சனாயே சுவரருகே போனாள். சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த தன் பெயரை வெள்ளைக்குத் திருப்பினாள். கையுறை விரலை நீட்டி, வரிசையின் முதல் பலகையிலிருந்து கெட்டில் வட்டம் போட்ட கடைசிப் பலகை வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனாள்.

"எல்லாரும் வந்தாச்சு, சரி!"

ஹமானோ எழுந்து வந்து, கையை உயர்த்தி, அந்த பல்பை அணைத்தார்.