தீப்பந்தமும் பீப்பாயும்

பட்டாசுக் கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது, என்னோடு மருந்து அடைக்கும் மாரியக்காவும் நானும் போனில் இலவச கேம் ஒன்று விளையாடுவோம். பொறியில் சிக்கும் ஹீரோ, சட்டை கருகி, திருதிருவென விழித்தபடி மறுபடி எழுவான். வேனே சிரிக்கும்.

ஓர் அறையில் மட்டும் மாட்டிக்கொண்டோம். ஹீரோ கையில் தீப்பந்தம், மூலையில் வெடிமருந்துப் பீப்பாய். கதவு பூட்டியிருந்தது. பீப்பாய்ப் பக்கமே போகாமல் நாள்கணக்கில் வழி தேடினோம்.

ரயில்வே கேட்டில் வேன் நின்றபோது டிரைவர் தம்பி எட்டிப் பார்த்தார்.

"பந்தத்தப் பீப்பாயில போடுங்கக்கா, கதவு தெறிச்சிரும்."

விரலை நீட்டினேன். மாரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. உள்ள ஆளு இருக்கான்ல."

யாரும் சிரிக்கவில்லை. மருந்தோடு பழகிப் பயமே விட்டுப்போச்சு என்று சொல்லித் திரிந்தவள் நான். போனை அணைத்தேன். அந்த ஹீரோ இன்றும் அதே அறையில்தான் நிற்கிறான், உயிரோடு.